செவ்வாய் வெள்ளி நிற்கும் வண்டி

அத்தியாயம் 6

வெள்ளிக்கிழமை காலை, கிரீன்வேஸ் சாலையில் மர நிழல் தொடங்கும் இடத்தில், எல்லோரும் பயந்தபடியே, அந்தப் பழைய ஆஸ்டின் ஒருமுறை இருமியது. கொஞ்ச தூரம் போய் மறுபடி இருமியது. பிறகு வேகம் இழந்து, தானாகவே வழி தெரிந்தது போல ஓரம் ஒதுங்கி நின்றது.

பின்னால் லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்த ஷரீஃப் பிரேக்கை மிதித்தான். மரத்தை அண்ணாந்து பார்த்தான்.

"தூங்குமூஞ்சி மரம் மேடம். எடம் பாத்துதான் நிக்குது."

சுந்தரவல்லி ஸ்கூட்டரின் பின்சீட்டிலிருந்து இறங்கினாள். மோட்டார் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய், தி.நகரில் ஒரு பாத்திரக்கடை மாடியில் தனியாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். ஷரீஃப் அவளுடைய உதவியாளன். அதற்கு முன் கோடம்பாக்கத்தில் சினிமாவுக்காகக் கார் துரத்தல்களில் ஓட்டியவன். வாய் மட்டும் இன்னும் அந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது.

ஆஸ்டினின் பின்கதவைத் திறந்து கணேசமூர்த்தி இறங்கினார். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர். இரண்டு நாள் முன்பு அலுவலகத்துக்கு வந்தபோது அவர் சொன்னது எளிமையாக இருந்தது. மெக்கானிக்குகள் கார்பரேட்டரைப் பிரித்துவிட்டார்கள், பிளக், காயில் எல்லாம் மாற்றிவிட்டார்கள், பெட்ரோல் பம்பே புதிது. எஞ்சினில் கோளாறு இல்லை என்று சத்தியம் செய்கிறார்கள். ஆனால் செவ்வாயும் வெள்ளியும் வண்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நிற்கிறது. மற்ற நாட்களில் நிற்பதில்லை.

"மிஷினு கெட்டிருந்தா தினமும் கெடணும்லா. கிழமை பாத்துக் கெடுதுன்னா, யாரோ கெடுக்காக," என்றார் அன்று.

இப்போது அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பாலம் இருக்கும் திசையைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

காருக்குள் அவருடைய மனைவி பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தைச் சுற்றி ஈரமான வெள்ளைத் துணி. கன்னத்துக்கு உள்ளே புண்ணாகத் தொடங்கியது இப்போது தாடை வரை வந்துவிட்டது. அடையாறு ஆஸ்பத்திரியில் தினமும் காலையில் புற்றுநோய்க்குக் கதிர் வைக்கிறார்கள், சனி ஞாயிறு தவிர. முறை தவறி வந்தால் அன்றைக்கு இல்லை, வெளியூரிலிருந்து வந்தவர்கள் தாழ்வாரம் முழுக்கப் படுத்துக் காத்திருக்கிறார்கள். இடையில் விட்டுவிட்டு வைத்தால் வைத்ததும் வீணாகப் போகும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

டாக்ஸியில் போகலாமே என்று சுந்தரவல்லியும் கேட்டிருந்தாள். கணேசமூர்த்தி டாக்ஸியை வாசலில் கொண்டுவந்து நிறுத்திப் பார்த்துவிட்டார். பேச்சியம்மாள் ஏறவில்லை. கல்யாணமாகிப் பட்டணத்துக்கு வந்த நாளிலிருந்து தன்னைச் சுமந்த வண்டி, அம்மனுக்கு உரிய கிழமைகளில் மட்டும் மறிக்கிறது என்றால் போகாதே என்றுதான் அர்த்தம் என்றாளாம். அடுத்த செவ்வாய்க்கிழமையும் நின்றால் ஆஸ்பத்திரியே வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாளாம். கணேசமூர்த்தியால் கடையில் பிடிவாதக்கார வாடிக்கையாளர்களைச் சமாளிக்க முடியும். இதைச் சமாளிக்க முடியவில்லை.

சுந்தரவல்லி கார் ஜன்னலருகே குனிந்து, வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பேச்சியம்மாள் தலையை மட்டும் அசைத்தாள். பதற்றமில்லாத முகம். நெற்றிக் குங்குமம் ஒட்டாமல் மூக்கின்மேல் கொட்டியிருந்தது. நோயாளிக்குக் கண்ணாடி பார்க்கவா தோன்றும் என்று நினைத்துக்கொண்டாள் சுந்தரவல்லி.

அதற்குள் டிரைவர் பீர் முஹம்மது பானெட்டைத் தூக்கியிருந்தார். ராயப்பேட்டைக்காரர், இந்த வீட்டில் நரைத்தவர். அவருடைய கைகள் போகும் வரிசையை சுந்தரவல்லி கவனித்தாள். முதலில் பிளக் ஒயர்கள். அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. அப்புறம் கார்பரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றிப் பார்த்தார். அதில் பெட்ரோல் வரவில்லை. பம்பைத் தட்டினார், குழாயை வாயால் ஊதினார், துப்பினார். கடைசியில் வேறு வழியில்லாமல் வண்டியின் பின்பக்கம் போய், துணியால் துடைத்து டேங்க் மூடியைத் திறந்து ஒரு வேப்பங்குச்சியை விட்டுப் பார்த்தார். குச்சி மேல்வரை நனைந்து வந்தது. மூடிவிட்டு முன்னால் வந்து ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார்.

வண்டி எதுவுமே நடக்காதது போல உறுமியது.

"இன்னாம்மா செய்றது," என்றார் பீர் முஹம்மது, வேர்வையைத் துடைத்தபடி. "ஒவ்வொரு தபாவும் இப்டிதான். எதனால நின்னிச்சுன்னும் தெரியல, எதனால எடுத்துச்சுன்னும் தெரியல."

ஆஸ்பத்திரியில் முறை போய்விட்டிருந்தது. திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

அன்று மாலை கணேசமூர்த்தி சுந்தரவல்லியைத் தனியே அழைத்து இன்னொன்றும் சொன்னார். கடையில் எல்லோரும் டிரைவரைத்தான் சந்தேகிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு நேரமாகிவிடும் என்று வண்டியை மடக்குகிறார் என்று பேச்சு. சுந்தரவல்லி அவரை நிமிர்ந்து பார்த்தாள். தொழுகை மத்தியானம், வண்டி நிற்பது காலையில். அப்படியே வைத்துக்கொண்டாலும் செவ்வாய்க்கிழமை என்ன தொழுகை என்று கேட்டாள். அவர் தலை குனிந்தார். தனக்கும் நம்பிக்கை இல்லை, ஆனால் யாரையாவது சந்தேகிக்காமல் இருக்க முடியவில்லை என்றார். செவ்வாய்க்கிழமையும் நின்றால் பீர் முஹம்மதுவைக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிடப் போவதாகவும், அதை வீட்டில் சொல்லவில்லை என்றும் சொன்னார்.

சனிக்கிழமை காலையில் ஆஸ்டினை சுந்தரவல்லி கேட்டு வாங்கிக்கொண்டாள். ஷரீஃப் ஓட்டினான். அடையாறு தாண்டிக் கொட்டிவாக்கம் வரை, காற்று மணலை வாரிப் போட்டிருந்த சாலையில் போனார்கள். திரும்பினார்கள். மறுநாள் கோடம்பாக்கம் லெவல் கிராசிங்கில் எஞ்சினை அணைக்காமல் ரயில் போகும்வரை காத்திருந்தார்கள். வண்டி ஒரு முறைகூட மூச்சு வாங்கவில்லை.

"இது காரு இல்ல மேடம். சர்க்கார் ஆபீசு. மேலதிகாரி வந்து நின்னா ஒழுங்கா வேல செய்யும். அவரு திரும்பிப் போனதும் படுத்துக்கும்."

"வழியில பெட்ரோல் வரல. டேங்க்ல நிறைய இருக்கு. பம்பு புதுசு. குழாய்ல அடைப்பு இல்ல," என்றாள் சுந்தரவல்லி. "அப்ப எங்க போச்சு?"

"பெட்ரோல்லயே தண்ணி கலந்திருந்தா?"

அது ஒரு வழிதான். ஆறேழு மாதங்களாகப் பெட்ரோல் விலை எகிறிக்கொண்டிருந்தது. பல பெட்ரோல் பங்குகளில் இருப்பு இல்லை என்ற அட்டை தொங்கியது. கலப்படம் செய்கிறார்கள் என்ற பேச்சு இல்லாத டீக்கடை இல்லை. கணேசமூர்த்தி வழக்கமாகப் போடும் பங்குக்குப் போனார்கள். அங்கே பெட்ரோல் போடுகிறவர் ஆஸ்டினைப் பார்த்ததும் சிரித்தார். லாரி வருவது திங்களும் வியாழனும். அந்த இரண்டு சாயங்காலமும் ஐயாவே கூட வந்துவிடுவார், மூடி வரை நிரப்பச் சொல்வார், வண்டியை ஆட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்வார் என்றார். சம்சாரத்துக்கு வைத்தியம் நடக்கிறது, நடுவழியில் பெட்ரோல் இல்லை என்று நிற்கக் கூடாது என்பாராம்.

டேங்கிலிருந்து ஒரு பாட்டிலில் பிடித்து அலுவலக ஜன்னலில் வைத்தார்கள். அடியில் தண்ணீர் பிரியவில்லை. வியாழக்கிழமை போட்ட அதே பெட்ரோலில்தான் கொட்டிவாக்கம் போய் வந்தார்கள் என்பதும் அப்போதுதான் உறைத்தது. பெட்ரோல் குற்றவாளி இல்லை.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் சுந்தரவல்லியின் மனதை விட்டுப் போகவில்லை. திங்கள் சாயங்காலம் நிரப்பினால் செவ்வாய் காலையில் நிற்கிறது. வியாழன் சாயங்காலம் நிரப்பினால் வெள்ளி காலையில் நிற்கிறது.

"வயிறு நெறைஞ்சா தூக்கம் வரத்தான செய்யும்," என்றான் ஷரீஃப்.

அவன் வேடிக்கைக்குத்தான் சொன்னான். சுந்தரவல்லி எழுந்தே விட்டாள். திங்கட்கிழமை, ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி வீடு திரும்பியதும், மூடி வரை நிரப்பிக்கொண்டு அதே வழியில், அதே வேகத்தில் அடையாறு போனார்கள். கிரீன்வேஸ் சாலையில் மரநிழல் வந்தது. மரநிழல் போனது. பாலத்தின்மேல் காற்று வந்தது. வண்டி நிற்கவே இல்லை.

பாலத்துக்கு அப்பால் ஷரீஃப் வண்டியை ஓரம் கட்டினான். ஆறு முகத்துவாரத்தில் மண் மூடி அசையாமல் கிடந்தது. நாளை செவ்வாய். நிரம்பிய வயிறும் காரணம் இல்லை என்றால், கையில் ஒன்றுமே இல்லை.

வீட்டில் வண்டியைத் திரும்ப விட்டபோது பீர் முஹம்மது கேட் ஓரமாகக் குந்தியிருந்தார். யாரும் சொல்லாவிட்டாலும் தன்மேல் சந்தேகம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"நான் சோறு துன்ன வண்டிம்மா இது. நானே கெடுப்பனா?"

"இல்லன்னு எனக்குத் தெரியும். எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வண்டி நிக்கும்போதெல்லாம் நீங்க கடைசியா செய்யறது டேங்கைத் திறக்கறதுதானா?"

அவர் யோசித்தார். ஆமாம், எப்போதும் அதுதான் கடைசி என்றார். நிரம்பியிருக்கிறது என்று தெரிந்த டேங்கை யார் முதலில் திறப்பார்கள்? வேறு வழியில்லை என்றால்தான்.

"தொறக்கும்போது ஒரு சத்தம் வரும்மா. உஸ்ஸுன்னு. நம்ம கஸ்டத்தப் பாத்து அதுவே பெருமூச்சு விட்ற மாரி."

"வெளிய விடுதா, உள்ள இழுக்குதா?"

அவர் மூடியைத் திறப்பது போல வெறும் காற்றில் கையைத் திருப்பினார். "இழுக்கும்மா," என்றார் மெதுவாக.

சுந்தரவல்லி அதை நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள். நல்லெண்ணெய் தீர்ந்திருந்தது. புது டின்னை எடுத்து, ஆணியை வைத்து, குழவிக்கல்லால் ஒரு தட்டு தட்டினாள். டின்னைச் சாய்த்தாள். எண்ணெய் கொஞ்சம் வந்தது, விக்கியது, நின்றது. டின் நிறைய எண்ணெய் இருந்தும் வரவில்லை. எப்போதும் செய்வது போல எதிர்ப்பக்கம் இரண்டாவது ஓட்டை போடக் கையை ஓங்கியவள் அப்படியே நின்றாள்.

எண்ணெய் வெளியே வர வேண்டும் என்றால் காற்று உள்ளே போக வேண்டும். டின்னுக்கு மட்டும் இல்லை. டேங்கின் மூடியிலும் காற்று போக ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அது அடைபட்டால் பம்பு இழுக்க இழுக்க உள்ளே வெற்றிடம்தான் மிஞ்சும், பெட்ரோல் வராது. டேங்க் காலியாக இருந்தால் உள்ளே இருக்கிற காற்றை வைத்துக்கொண்டு வண்டி வெகுதூரம் போய்விடும், யாருக்கும் தெரியாது. மூடி வரை நிரப்பியிருந்தால் உள்ளே காற்றுக்கு இடமே இல்லை. கிரீன்வேஸ் சாலை வரைதான் போகும். மூடியைத் திறந்தால் சரியாகிவிடும்.

நிரப்பியதும் காரணம், அடைத்ததும் காரணம். இரண்டும் சேர வேண்டும். இன்று வண்டி நிற்காதது இன்று அடைப்பு இல்லாததால்.

செவ்வாயும் வெள்ளியும் காலையில் ஒரு வீட்டு வண்டியின் மேல் என்ன வைப்பார்கள்? அடுப்பை அணைப்பதற்குள் சுந்தரவல்லிக்கு விடை தெரிந்துவிட்டது. இவ்வளவு நேரம் தெரியாமல் இருந்ததற்காகத் தன்மேலேயே கோபம் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை கணேசமூர்த்தியின் வீட்டுக்கு அவளும் ஷரீஃபும் போனபோது ஆஸ்டின் குளித்து நின்றுகொண்டிருந்தது. பானெட்டில் சந்தனம், குங்குமம். விளக்குகளின் மேல் சந்தனம், குங்குமம். பின்பக்கம், டேங்க் மூடியின் நட்டநடுவில், மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒன்று.

"எல்லாம் அம்மாதான் வப்பாங்க," என்றார் பீர் முஹம்மது. "முன்னெல்லாம் முன்னாடி மட்டுந்தான். பெட்ரோலுக்குத் திண்டாட்டம் வந்தப்புறம் இங்கயும் வக்கிறாங்க. தெருவே காலி டேங்க்கோட நிக்கும்போது நம்ம வண்டி மட்டும் நெறஞ்சு கீது, கண்ணு பட்டுடும்னு."

ஷரீஃப் மூடியையே பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான்.

"அய்யா வண்டி நிக்கக் கூடாதுன்னு நெரப்புறாரு. அம்மா வண்டி நிக்கக் கூடாதுன்னு பொட்டு வக்கிறாங்க. ரெண்டு பேரும் சும்மா இருந்தா வண்டி ஓடியிருக்கும். கேஸ் முடிஞ்சிது மேடம். வெயில்ல காஞ்சு உதுந்துடுது, அதான் எந்த மெக்கானிக்கு கண்ணுலயும் படல."

பீர் முஹம்மதுவை ஹேண்டில் எடுத்துவர அனுப்பிவிட்டு, சுந்தரவல்லி கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவினாள். பொட்டின் ஓரத்தைத் தொட்டாள். காயத் தொடங்கியிருந்த சந்தனம் வில்லையாகப் பெயர்ந்து வந்தது. ஊசி முனையை ஓட்டைக்குள் விட்டாள். போகவில்லை. ஏதோ ஒன்று மெத்தென்று தடுத்தது. நெம்பியதும் உளுந்து அளவுக்கு உருண்டையாக வெளியே வந்தது.

"இன்னா மேடம், கிரீஸா?"

அவள் அதை விரல்களுக்கிடையில் உருட்டினாள். முகர்ந்தாள். ஷரீஃப் ஆண்பிள்ளை, அவனுக்குத் தெரிய நியாயமில்லை. மயிலாப்பூர் குளத்தங்கரைக் கடைகளில் சின்ன டப்பியில் விற்பார்கள். குங்குமம் கொட்டாமல் இருக்க நெற்றியில் முதலில் ஒரு துளி தடவிக்கொள்ளும் மெழுகு.

வண்டிக்கு வைக்கிற பொட்டுக்குச் சந்தனமே போதும். ஈரச் சந்தனம் தானாக ஒட்டும், காய்ந்தால் உதிரும். அது உதிர்ந்தாலும் அடைப்பு போகக் கூடாது என்று நினைக்கிற ஒருவர்தான் அடியில் மெழுகை வைத்து அழுத்துவார். வெள்ளிக்கிழமை மூக்கின்மேல் கொட்டிக் கிடந்த குங்குமம் அவள் கண்முன் வந்தது. நெற்றிக்கு மெழுகு இல்லாதவள். பதற்றமில்லாத முகம். மழைக்காகப் பள்ளிக்கூடம் மூடிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட குழந்தையின் முகம் அது. பக்தியின் அமைதி என்று அதைத் தான் தவறாகப் படித்துவிட்டோம் என்று சுந்தரவல்லிக்குப் புரிந்தது.

அவள் மெழுகை மறுபடி ஓட்டையில் வைத்து அழுத்தினாள். உதிர்ந்த சந்தனத்தையும் அதன்மேல் ஒட்டினாள்.

ஷரீஃப் வாயைத் திறந்தான்.

"யார்கிட்டயும் எதுவும் சொல்லாத," என்றாள்.

கணேசமூர்த்தி பூஜை அறையில் இருந்தார். பேச்சியம்மாள் உள்ளறையில் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் கஞ்சி, தொடாமல் ஆடை படிந்திருந்தது. சுந்தரவல்லி கதவைச் சாத்திவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. பொய் விபத்துக்காரர்களிடம் தொடங்குவது எளிது.

"உங்க நெத்தியில மெழுகு இல்லம்மா. அது எங்க இருக்குன்னு பார்த்தேன்."

வெளியே ஹேண்டில் தரையில் விழும் சத்தம் கேட்டது. பேச்சியம்மாள் துணியைக் கன்னத்திலிருந்து விலக்கிக்கொண்டு, உதட்டை அதிகம் அசைக்காமல் பேசினாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவள் விலை கொடுப்பது தெரிந்தது.

"மொதத் தடவ நெசமாவே தானா நின்னுச்சும்மா. நானும் பயந்துதான் போனேன். பீரு பொட்டைத் துடைச்சுட்டு மூடியைத் தெறந்தாரு. வண்டி மூச்சு விட்டுச்சு, ஓடுச்சு. எண்ணெ டின்னு தெறக்கவளுக்கு அது விளங்காதா."

அன்று நேரமாகிவிட்டது, திரும்பி வந்தார்கள். அந்த ஒரு நாள் வாயில் தீ வைக்கவில்லை. ராத்திரி கொஞ்சம் மோர் இறங்கியது. அதற்கப்புறம் வந்த வெள்ளிக்கிழமை சந்தனத்துக்கு அடியில் மெழுகையும் வைத்தாள். ஒவ்வொரு தடவையும் வண்டி வீடு திரும்பியதும் யாரும் பார்க்காமல் அதை எடுத்துவிடுவாள். இதையெல்லாம் அவள் விட்டு விட்டு, இடையிடையே கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

"வேண்டாம்னு அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"அவுக முகத்தைப் பாத்திருக்கீகளா? கடையை மறந்து, சோத்தை மறந்து, எனக்குச் சரியாப் போயிரும்னு மட்டும் நெனச்சுக்கிட்டு நிக்காக. அவுககிட்ட எப்படிம்மா சொல்ல? அம்மன் மறிச்சான்னா கேட்டுக்கிடுவாக. அதான்."

சுந்தரவல்லி கஞ்சிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னதை எடுத்துச் சொன்னாள். குணமாவதற்கு வாய்ப்பு இருக்கிறது என்றாள். சொல்லும்போதே, வலி அடுத்தவருடைய வாயில் இருக்கும்போது இதைச் சொல்வது எவ்வளவு சுலபம் என்று தோன்றியது. நான் வேண்டுமானால் அவரிடம் பேசட்டுமா என்று கேட்டாள். பேச்சியம்மாள் பயந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த விரல்கள் சுட்டன.

சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. சொல்லாமல் எழுந்து போய்விடலாம் என்றுகூட சுந்தரவல்லி நினைத்தாள். வண்டி நிற்கும். இந்த அம்மாள் இன்றோடு விடுபடுவாள்.

"இன்னிக்கு வண்டி நின்னா உங்க வீட்டுக்காரர் பீர் முஹம்மதுவை வேலையை விட்டு அனுப்பப் போறார். அவர்தான் நிறுத்தறார்னு பேச்சாயிடுச்சு."

பேச்சியம்மாள் கண்ணைத் திறந்தாள்.

"பீரையா?"

"உங்ககிட்ட சொல்லலன்னு சொன்னார்."

பேச்சியம்மாள் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்தாள். சுந்தரவல்லி கை கொடுத்ததை வேண்டாம் என்றாள். கூடத்தைக் கடந்து, வாசற்படி இறங்கி, சுவரைப் பிடித்தபடி வண்டியின் பின்பக்கம் போனாள். பீர் முஹம்மது ஒதுங்கி நின்றார். ஷரீஃப் வேறு எங்கோ பார்த்தான். அவள் முந்தானையால் சந்தனத்தைத் துடைத்தாள். சுந்தரவல்லி நீட்டிய ஊசியை வாங்கி, மெழுகை நெம்பி எடுத்தாள். சற்று நேரம் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதைத் தன் நெற்றியில் ஒற்றி, மூடியின் ஓரத்தில் மிச்சமிருந்த குங்குமத்தைத் தொட்டு அதன்மேல் வைத்துக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் கணேசமூர்த்தி திருநீற்றோடு வெளியே வந்தார்.

சுந்தரவல்லி அவரிடம் சுருக்கமாகச் சொன்னாள். மூடியில் காற்றுப் போகும் ஓட்டை, அதைச் சந்தனம் அடைத்துக்கொண்டிருந்தது, மூடி வரை நிரப்பியதால் வண்டி சீக்கிரம் திணறியது, காய்ந்து உதிர்ந்ததால் யாருக்கும் தெரியவில்லை. இதில் பொய் எதுவும் இல்லை. அவர் கேட்டுக்கொண்டே போய் பீர் முஹம்மதுவின் கையைப் பிடித்தார். அப்புறம் மனைவியைப் பார்த்தார்.

"பாத்தியா? அம்மன் மறிக்கல்ல. எங்கெங்கயோ தேடுனோம், ஒரு துளி சந்தனம்."

பேச்சியம்மாள் தலையசைத்தாள். அவள் முகத்தில் குங்குமம் அன்று அழகாகப் பதிந்திருப்பதாகவும் அவர் சொன்னார்.

வழியில் நின்றால் விளக்கம் சொல்ல ஆள் வேண்டும் என்று சுந்தரவல்லியை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார்கள். ஷரீஃப் ஸ்கூட்டரில் பின்னால் வந்தான். சாமியர்ஸ் சாலையைத் தாண்டி கிரீன்வேஸ் சாலைக்குத் திரும்பினார்கள். கணேசமூர்த்தி முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தார். மரநிழல் கண்ணாடியில் ஏறி இறங்கியது. எஞ்சின் சீராக ஓடியது. சுந்தரவல்லி அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். தன் வேலை சரிதானா என்று பார்க்கக் கேட்பவள் போலத்தான் மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு இருமல், ஒரே ஒரு இருமல் வராதா என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தது அவளுக்கு மட்டும் தெரியும்.

வரவில்லை. பாலம் வந்தது. கணேசமூர்த்தி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பீர் முஹம்மதுவின் தோளை ஓங்கித் தட்டினார்.

கண்ணாடியில் சுந்தரவல்லி பின்சீட்டைப் பார்த்தாள். பேச்சியம்மாள் துணியைக் கன்னத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு கையைக் கணவர் பிடித்திருந்தார். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் முறைக்கு முன்னாலேயே வந்து சேர்ந்தார்கள். இருவரும் உள்ளே போனார்கள். பீர் முஹம்மது வண்டியை நிழலில் விட்டுவிட்டு, டேங்க் மூடியை மறுபடியும் ஒருமுறை துணியால் துடைத்தார். ஷரீஃப் ஸ்கூட்டரை ஸ்டாண்டில் போட்டுவிட்டு வந்து சுந்தரவல்லியின் பக்கத்தில் நின்றான்.

"கேஸ் முடிஞ்சிச்சா மேடம்?"

"வண்டி ஓடுது," என்றாள்.

"நான் வண்டியக் கேக்கல."

அவள் தாழ்வாரத்தின் கோடியைப் பார்த்தாள். அங்கே ஒரு கதவு திறந்தது, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பேச்சியம்மாள் எழுந்து, கணவரின் கையை விடுவித்துக்கொண்டு தனியாக உள்ளே போனாள். கதவு மூடியது.